நரசிங்கம்பேட்டை நாயனமும் பழைய வீட்டு உத்திரமும்

குத்தாலம் என்றதும் அருவியும் குரங்கும் நினைவுக்கு வந்தால் அது வேறு ஊர். அது தென்காசிப் பக்கத்துக் குற்றாலம், வல்லின ‘ற்’ போட்ட குற்றாலம். இந்தக் குத்தாலம் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே காவிரிக் கரையில் இருப்பது. தேவாரத்தில் இதன் பெயர் திருத்துருத்தி. கோயிலின் தல மரம் உத்தாலம், அதாவது ஆத்தியில் ஒரு வகை. அந்த உத்தாலம்தான் மருவிக் குத்தாலம் ஆயிற்று என்பார்கள். ஆக, மரத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊர் இது. ஆனால் சுற்றிலும் பார்த்தால் வயல்தான். காடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

காடே இல்லாத இந்தப் பகுதியில்தான், குத்தாலத்திலிருந்து ஆடுதுறை போகும் வழியில், மரத்தைக் கடைந்தே பெயர் வாங்கிய ஒரு கிராமம் இருக்கிறது. நரசிங்கம்பேட்டை. தமிழ்நாட்டில் நாகஸ்வரம் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரியும். (நாகஸ்வரமா, நாதஸ்வரமா என்கிற சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். ஊர்க்காரர்கள் நாயனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.)

நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் நேற்று வெட்டிய ஆச்சா உதவாது. இடித்த பழைய வீட்டின் உத்திரம், தூண், நிலை இப்படி எதிலிருந்தாவது எடுத்த மரமாக இருந்தால் உத்தமம். 75 வருஷம், 100 வருஷம் ஆன மரம் என்று செய்பவர்கள் சொல்வார்கள். ஒரு வீடு விழுந்தால்தான் ஒரு நாயனம் பிறக்கும் என்று ஆகிறது! ஏன் இப்படி? புது மரத்தில் என்ன குறை?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் பச்சை மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அப்போதுதான் வெட்டிய மரம் என்பது பாதி தண்ணீர். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி அளவுக்கோ அதற்கு மேலோ ஈரம் இருக்கும். இந்த ஈரம் இரண்டு விதமாகத் தங்கியிருக்கிறது. ஒன்று, நார்க்குழல்களின் உள்ளே சும்மா நிற்கிற தண்ணீர். குடத்தில் ஊற்றி வைத்த மாதிரி. இது வெளியேறினால் மரம் எடை குறையும், அவ்வளவுதான். இன்னொன்று, குழல்களின் சுவருக்குள்ளேயே ஊறிக் கிடக்கிற தண்ணீர். குடத்து மண்ணுக்குள் ஊறின ஈரம் மாதிரி. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது இந்த இரண்டாவது வகை வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதுதான்.

சுருங்குவது ஒரே சீராக இருந்தால் கவலையே இல்லை. எல்லாம் கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவே. ஆனால் மரம் அப்படிச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் அனேகமாகச் சுருங்கவே சுருங்காது, 1000க்கு 1 அல்லது 2 பங்கு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் ஓரளவு சுருங்கும். வளையத்தைச் சுற்றிப் போகும் திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். வெட்டிப் போட்ட கட்டையின் முகத்தில் நடுவிலிருந்து விரிசல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்குக் காரணம் இந்த இரண்டு மடங்குதான்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் கொல்லைக் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும், தோளால் இடித்தால்தான் திறக்கும். சித்திரையில் அதே கதவு இடைவெளி விட்டு ஆடும். 20 வருஷம் ஆன கதவே இப்படி மூச்சு விடுகிறது என்றால் பச்சை மரத்தின் ஆட்டம் எப்படி இருக்கும்!

அதனால் மரத்தைப் பக்குவப்படுத்தும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. காவிரிக் கரையில் பூவரசையும் வேம்பையும் மூங்கிலையும் வெட்டியதும் குளத்தில் போட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் கிடக்கும். கேட்பதற்கு விசித்திரமாகத் தோன்றும், காய வைக்க வேண்டியதைத் தண்ணீரில் போடுவானேன்? காரணம் இருக்கிறது. மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடுகின்றன. பிறகு வண்டு துளைக்க ஆசைப்படுவது குறைகிறது. அதோடு நீருக்கடியில் காற்று இல்லாததால் பூஞ்சையும் வளர முடியாது. ஊறின பிறகு எடுத்து நிழலில் அடுக்கி, வெயில் படாமல், காற்று மட்டும் போய்வரும்படி உலர்த்துவார்கள். வெட்டு முகத்தில் சாணியோ சேறோ பூசி வைப்பதும் உண்டு. நீளவாக்கில் ஓடும் குழல்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. பக்கவாட்டை விட வெட்டு முகத்தில் ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும், முகம் மட்டும் முதலில் சுருங்கி வெடித்துவிடும். வாயை அடைத்துவிட்டால் எல்லாப் பக்கமும் நிதானமாக உலரும். இன்று மேல்நாட்டில் இதற்கென்று மெழுகுப் பூச்சு டப்பாவில் விற்கிறார்கள்.

தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்கிற நம்பிக்கையும் இதோடு சேர்ந்தே வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் சிலை செய்ய மரம் எடுப்பதற்காகக் காட்டுக்குள் போவதைப் பற்றியே தனி அத்தியாயம் இருக்கிறது. எந்த மரம் ஆகும், எது ஆகாது, எந்தத் திசையில் விழ வேண்டும் என்பது வரை. சாஸ்திரத்தில் எவ்வளவு சரி, எவ்வளவு சகுனம் என்பது வேறு விஷயம். மரம் வெட்டுவதை அவசர வேலையாக யாரும் நினைக்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

சரி, கடைசலுக்கு வருவோம்.

கடைசல் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. பச்சை மரம்தான் கடைவதற்குச் சுகம். உளி வெண்ணெயில் போவது போலப் போகும், தூசி பறக்காது, சுருள் சுருளாகச் சீவல் விழும். காய்ந்த மரம் உளியை மழுங்க அடிக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரக் கிண்ணம் கடைபவர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பச்சை மரத்திலேயே கிண்ணத்தைத் தடிமனாகக் கடைந்துவிடுவது, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு. பிறகு காகிதப் பையிலோ சீவலுக்குள்ளோ போட்டு மாதக்கணக்கில் உலர விடுவது. அது கோணிக்கொண்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். வரட்டும். மறுபடியும் கடைசலில் ஏற்றி வட்டமாக்கிக்கொள்ளலாம், அதற்குத்தான் தடிமன் விட்டது. சிலர் இரண்டாவது தடவை கடைவதே இல்லை, கோணிய கிண்ணமே அழகு என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போய், மரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உளுக்க விடுகிறவர்களும் உண்டு. வெட்டிய கட்டையை ஈரம் போகாமல் மூடி, இலைச் சருகுக்கு நடுவில் சில மாதம் வைத்துவிடுவார்கள். பூஞ்சை பிடிக்கும. ஒரு பூஞ்சையின் எல்லையும் இன்னொன்றின் எல்லையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் வேலி போட்டுக்கொள்வது போல மையால் கீறினாற்போல் கறுப்புக் கோடு விழும். சில பூஞ்சை மரத்தை வெளுக்க வைக்கும், சில நீலமாக்கும். குளோரோசிபோரியா என்ற ஒன்று பச்சை நிறமே கொடுக்கும். முழுக்க மக்கிப் போவதற்குள் எடுத்து உலர்த்தி, ஈரத்தை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டு வந்துவிட்டால் பூஞ்சை நின்றுவிடும், கோலம் மட்டும் தங்கிவிடும். 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மரத்துண்டுகளை ஒட்டிப் படம் செய்தவர்கள் இலைக்கும் புல்லுக்கும் இந்தப் பச்சை மரத்தைத்தான் தேடிப் போனார்கள். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் பெட்டிகளிலும் அதே பச்சை. 1970களில் அமெரிக்காவில் மெல்வின் லிண்ட்குவிஸ்ட், அவர் மகன் மார்க் லிண்ட்குவிஸ்ட் இருவரும் இப்படிப்பட்ட மரத்தில் கிண்ணம் கடைந்து காட்டிய பிறகு, விறகுக்குப் போக வேண்டிய கட்டைக்கு ஒரு மவுசு வந்துவிட்டது.

தமிழில் இதற்குச் சொல் இல்லை. உளுத்தது, இற்றது, மக்கியது, செல்லரித்தது, பூசணம் பிடித்தது... மரம் கெடுவதற்கு எத்தனை சொல் வேண்டுமானாலும் இருக்கிறது. எல்லாமே வசவுதான். கெட்ட மரத்தைப் பார்த்து அழகு என்று சொல்ல ஒரு வார்த்தையும் இங்கே உண்டாகவில்லை. ஆறு மாதம் வெளியே போட்டாலே கறையான் தின்று தீர்க்கிற ஊரில் அப்படி ஒரு வார்த்தை எப்படி உண்டாகும்?

ஆனால் நாயனத்துக்குப் பூஞ்சை ஆகாது என்பதற்குக் காரணம் கறையான் மட்டுமல்ல. கிண்ணம் கோணினால் அது கோணல் கிண்ணம், சாம்பார் ஊற்றினால் நிற்கும். நாயனம் கோணினால் அபஸ்வரம்.

நாயனத்தின் நீளமான உடல் பகுதிக்கு உலவு என்று பெயர். கீழே மலர்ந்த வாய் அணசு, பெரும்பாலும் வாகை மரத்தில் தனியாகக் கடைந்து சொருகுவது. மேலே உலோகத்தில் கெண்டை, அதன் மேல் நாணலில் செய்த சீவாளி. உலவின் உள்ளே ஓடும் துளை ஒரே அளவானது அல்ல. மேலே சிறுத்து, கீழே போகப் போக அகலும் கூம்பு. விரல் வைக்க 7 துளைகள். அதற்குக் கீழே இன்னும் 5 துளைகள் உண்டு, விரல் வைப்பதற்கல்ல. மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதி சரிசெய்ய.

வெளிப்புறத்தைக் கடைசலில் வழவழப்பாக்குவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. கஷ்டமான வேலை உள்ளே இருக்கிறது. ஏறக்குறைய மூன்றடி நீளக் கட்டைக்குள், நடு தப்பாமல், நீண்ட துளைக் கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, கூம்பாகத் துளை போட வேண்டும். மின் மோட்டார் வருவதற்கு முன் ஒருவர் வாரைப் பிடித்து இழுத்துக் கட்டையைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடித்துக் கடைய வேண்டியிருந்தது. முன்னும் பின்னுமாகச் சுழலும் கடைசல், ஒரு திசையில் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். ஆச்சா போன்ற மரத்தை அப்படிக் கடைந்தவர்களின் தோள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் ஆச்சா இலேசுப்பட்ட மரமல்ல. இந்தியாவின் மிகக் கனமான, மிகக் கெட்டியான மரங்களில் ஒன்று, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். தாவரவியலில் ஹார்ட்விக்கியா பினாட்டா என்பார்கள். மழை குறைந்த தக்காணத்துக் கரடுகளிலும் சேலம், தருமபுரிப் பக்கத்து வறண்ட காடுகளிலும் வளர்வது. மெதுவாகத்தான் வளரும். வைரம் பாய்ந்த பகுதி கருஞ்சிவப்பாக, சில சமயம் கறுப்பை நெருங்கும். நார்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வருவதற்கு ரொம்பக் காலம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடித்துவிடும்.

பச்சை ஆச்சாவில் துளை போட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத் துளை என்று வைத்துக்கொள்வோம். மரம் காயும்போது ஒரு திசையில் 4 சதவீதமும் மறு திசையில் 8 சதவீதமும் சுருங்குவதாகக் கொள்வோம் (பொதுவாக மரங்களுக்குச் சொல்லப்படும் அளவு இதையொட்டியதுதான், ஆச்சாவுக்கென்று தனிக் கணக்கு அல்ல). துளை ஒரு பக்கம் 19.2, மறு பக்கம் 18.4 என்று முட்டை வடிவமாகிவிடும். சுருதி பார்த்துப் போட்ட விரல் துளைகளும் கூடவே சுருங்கும். கிண்ணக்காரர் மாதிரி மறுபடியும் கடைசலில் ஏற்றித் திருத்தலாமே என்றால், உள்துளையைத் திருத்தினால் அது பெரிதாகும், பெரிதானால் சுருதி மாறும். வெளியே தடிமன் விடலாம். உள்ளே இருக்கும் காற்றுக்குத் தடிமன் விட முடியாது.

போதாக்குறைக்கு, வாசிக்கிறவரின் மூச்சு. வெதுவெதுப்பான, ஈரமான காற்று மணிக்கணக்கில் உள்ளே போகிறது. மார்கழி விடியலில் கோயில் வாசலில் வாசிப்பார், மத்தியான முகூர்த்தத்துக்குப் பந்தல் வெக்கையில் வாசிப்பார். மரம் உள்ளே நனைந்து வெளியே காயும். இதே தொல்லை மேல்நாட்டுக் கிளாரினெட்டுக்கும் இருக்கிறது. அங்கேயும் தண்ணீரில் மூழ்குகிற ஓர் ஆப்பிரிக்கக் கருமரத்தைத்தான் வருஷக்கணக்கில் உலர்த்திப் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் புதுக் கிளாரினெட்டை முதல் சில வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாசிக்க வேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் வெடிக்குமாம். இரண்டு கண்டத்துத் தச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே மாதிரி மரத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்.

கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயிலில் கல்லால் செய்த நாகஸ்வரம் ஒன்று இருக்கிறது. கல் சுருங்காது, கோணாது, கறையானுக்கும் பயமில்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நான்கு மாட வீதியும் சுற்ற முடியுமா? அதனால் மரத்தையே கல் மாதிரி ஆக்கும் வழியைத் தேட வேண்டியிருந்தது.

இந்த அளவு நுணுக்கம் எப்போதுமே தேவைப்பட்டதா என்றால், இல்லை. இங்கேதான் திருவாவடுதுறை வருகிறது. அதுவும் குத்தாலம் வட்டம்தான், நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்தில்.

முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி அதிகம், 4 கட்டைக்கு மேலே. ஊர் எல்லை வரை கேட்கும். திறந்த வெளியில், வீதி உலாவில் வாசிக்க அதுதான் ஏற்றது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மத்தியமம் சுத்த மத்தியமமாகவும் இல்லாமல் பிரதி மத்தியமமாகவும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் விழும். வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒத்துச் சத்தத்திலும் தவில் முழக்கத்திலும் சின்னப் பிசிறு தெரியாமலே போய்விடும்.

1898இல் திருமருகலில் பிறந்து திருவாவடுதுறைக்காரராகவே அறியப்பட்ட டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு இது போதவில்லை. கச்சேரி மேடை, வானொலி, இசைத்தட்டு என்று நாயனம் கோயிலைத் தாண்டிப் போன காலம் அவருடையது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். தம்புரா மீட்டும்போது சுருதிப் பிசகு மறைவதற்கு இடமில்லை. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட தோடி ராகத்தில் மத்தியமம் சுத்த மத்தியமம். அது தானாகவே சுத்தமாக விழ வேண்டும், சுருதியும் இறங்கி, நாதம் கனமாக இருக்க வேண்டும். அவர் கேட்டதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. உலவை நீட்டி, துளைகளின் இடத்தை மாற்றி, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து வந்ததுதான் பாரி நாயனம். 2, 2½ கட்டைச் சுருதி. இன்று கச்சேரியிலும் கல்யாணத்திலும் கேட்பது பெரும்பாலும் அதுதான். ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பர் 12 அன்று காலமானார். பாரி நின்றுவிட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வித்வானைப் பற்றி நிறையச் சொல்வார்கள், ஆசாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்வார்கள். மரத்தைப் பற்றிச் சொல்வதே இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், மத்தியமம் எங்கேயோ நடுவில் விழுகிற வாத்தியத்தில் மரம் கொஞ்சம் அசைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அது தானாகவே சுத்தமாக விழ வேண்டும் என்று ஆன பிறகு, அரை மில்லிமீட்டர் கூட மன்னிக்க முடியாத குற்றமாகிவிடுகிறது. துளையும் நீண்டு, கட்டையும் நீண்டுவிட்டது. பழைய மரத்தின் அருமை பாரி வந்த பிறகு இன்னும் கூடியிருக்க வேண்டும்.

பழைய மரம் என்றால் நாதம் இனிமையாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வீணைக்கு இது பொருந்தும், அங்கே பலா மரமே அதிர்கிறது. நாயனத்தில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. சுவர் கெட்டியாக, உள்பக்கம் வழவழப்பாக, அளவு மாறாமல் இருந்தால் போதும், சுவர் எந்த மரம் என்பதால் பெரிய வித்தியாசம் வராது என்றுதான் ஒலியியல் சொல்கிறது. ஆக, பழைய ஆச்சாவின் பெருமை அது பாடுவதில் இல்லை, சும்மா இருப்பதில் இருக்கிறது. சும்மா இருக்க ஒரு மரத்துக்கு 75 வருஷம் ஆகிறது!

அவ்வளவு வருஷம் உண்மையிலேயே வேண்டுமா? ஓர் அங்குலத் தடிமன் காற்றில் உலர ஒரு வருஷம் என்று தச்சு வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆச்சாவுக்கு அதை இரட்டித்துக்கொண்டாலும் 10 வருஷத்தில் உலவுக் கட்டை காய்ந்துவிட வேண்டும். மீதி 65 வருஷம் எதற்கு?

இரண்டு காரணம் சொல்லலாம். முதலாவது வேதியியல். மரத்தில் ஈரத்தை இழுக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் பல பத்தாண்டுகளில் மெல்லச் சிதைகிறது. அதனால் பழைய மரம் மழைக்காலத்தில் உறிஞ்சும் ஈரமும் குறைவு, ஆட்டமும் குறைவு. ஜப்பானில் 1300 வருஷப் பழமையான ஹோரியுஜி கோயிலின் மரங்களை ஆராய்ந்த ஜிரோ கோஹாரா, ஹினோகி மரம் வெட்டிய பிறகும் இரண்டு மூன்று நூற்றாண்டு வரை சில விதங்களில் வலுக்கூடிக்கொண்டே போகிறது என்று கண்டார். ஹினோகி ஊசியிலை மரம், ஆச்சாவுக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. ஆனாலும் வெட்டிய மரம் அன்றோடு முடிந்துபோன பொருள் அல்ல என்பது நிச்சயம்.

இரண்டாவது காரணம் இன்னும் எளிது, ஒருவேளை இதுதான் முக்கியமும் கூட. 80 ஐப்பசியையும் 80 சித்திரையையும் பார்த்து, ஓட்டின் பாரத்தையும் சுமந்து, வெடிக்காமல் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கிற உத்திரம் என்பது பரீட்சை எழுதிப் பாஸ் ஆன மரம். வெடிக்க வேண்டியது எப்போதோ வெடித்துவிட்டது. மிச்சம் இருப்பது நம்பத் தகுந்தது. புது மரத்தை எந்த நிபுணர் பார்த்தாலும் அது 30 வருஷம் கழித்து என்ன செய்யும் என்று அடித்துச் சொல்ல முடியாது. உத்திரத்துக்குச் சான்றிதழ் கையிலேயே இருக்கிறது.

டெல்டாவில் ஆச்சா வளராது என்றால் டெல்டா வீடுகளுக்கு அது எப்படி வந்தது என்று கேட்கலாம். வந்துதான் ஆக வேண்டும். தென்னையும் பூவரசும் ஒதியனும் வைத்து மிராசுதார் வீடு கட்ட முடியாது. நெல் விற்ற பணத்தில் திண்ணைத் தூணுக்கும் முற்றத்து உத்திரத்துக்கும் வெளியூர் மரம் வாங்கினார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது, மேட்டு நிலத்து ஆச்சா மேற்கிலிருந்து வந்தது. கறையான் எளிதில் தொடாது, பாரம் தாங்கும் என்பதுதான் அவர்கள் பார்த்த லாபம். பேரன் காலத்தில் அது நாயனமாகும் என்று கட்டியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பேரன்கள் பட்டணம் போனார்கள், ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் எழும்பியது. 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் டெல்டா முழுக்க நடந்த இந்த மாற்றம் கடைசல்காரர்களுக்கு ஒருவகையில் அறுவடைக் காலம். இடித்த வீட்டு மரத்தில் ஆணி இருக்கும், பொருத்தித் துளைத்த பள்ளம் இருக்கும், கழிவு போக உருப்படியாகத் தேறுவது கொஞ்சம்தான். ஆனாலும் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால் அது ஒருமுறை மட்டுமே வருகிற அறுவடை. கான்கிரீட் வீட்டை 80 வருஷம் கழித்து இடித்தால் அதில் என்ன உத்திரம் இருக்கும்? கம்பியும் ஜல்லியும்தான்.

2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணை 2013இலேயே வாங்கிவிட்டது. இது நியாயமாகச் சேர வேண்டிய பெருமைதான். வேறு ஊரில் செய்ததை நரசிங்கம்பேட்டை என்று சொல்லி விற்க முடியாது. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், மரத்தைக் காக்காது. இந்தத் தொழிலில் இருக்கும் குடும்பங்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அவர்களில் யாராவது பச்சை ஆச்சாக் கட்டைகளை வாங்கி நிழலில் அடுக்கி, வெட்டு முகத்துக்கு மெழுகு பூசி, 20 வருஷம் காத்திருக்க முடியுமா? அந்தப் பணம் அதுவரை தூங்கும். வட்டி மட்டும் தூங்காது.

சூளையில் வைத்து ஈரத்தை அளவோடு இறக்கும் முறை இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூர் மர அறிவியல் நிறுவனமும் இந்திய மரங்களை உலர்த்துவது பற்றி நிறைய வேலை செய்திருக்கின்றன. முதல் 10 வருஷத்து வேலையைச் சூளை சில வாரங்களில் முடித்துவிடும், ஆச்சா போன்ற முரட்டு மரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். பாக்கி 65 வருஷத்துப் பரீட்சையைத்தான் அதனால் வைக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசோ கூட்டுறவுச் சங்கமோ ஒரு மரக் கிடங்கு போட்டு, வருஷா வருஷம் சில கட்டைகளை வாங்கி, தேதி எழுதி, அடுக்கிக்கொண்டே வரலாம். செலவு ஒரு திருவிழாப் பந்தல் செலவுக்கு மேலே போகாது.

புவிசார் குறியீட்டை 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் அப்படி ஒரு கிடங்கில் கட்டையை அடுக்கினால், அது உளிக்குப் பக்குவமாவதற்குள் குறியீட்டை இரண்டு தடவை புதுப்பித்திருப்பார்கள்.